ஒரு சொட்டும் தொடாதவள் பெயரில் ஒரு மதுக்கடை

க்ளூனா, லீட்ரிம்
மார்ட்டின் திருநாள்

அன்பு மகன் ரோனனுக்கு,

திருஇருதய ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் மழையும் சுகமாயிருக்கிறோம், நீ பெர்த் வெயிலில் கருகாமல் இருக்கிறாயா என்று எழுது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. டிம்ப்னா தன் மதுக்கடையை மூடிவிட்டாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்தது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா வேளைக்கு வீடு வரவேண்டும், அந்தக் கடை மூடவேண்டும் என்று நான் எத்தனை வருஷம் ஜெபமாலை சொன்னேன் என்று உனக்குத் தெரியும். மூடியது, வேளைக்கு வந்தார், கூடவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. சூப்பர்மார்க்கெட்டில் மலிவாக விற்கிற கேன் பீரைப் பெட்டியோடு வாங்கிவந்து, என் சமையலறையில், திருஇருதயப் படத்தின் விளக்குக்குக் கீழேயே, சேற்று பூட்ஸோடு உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துப் பண்ணை ஹ்யூகி, "அண்ணி, ரெண்டு சாண்ட்விச் கிடைக்குமா?" என்கிறான். இது வீடா கடையா என்று கேட்டால், "கடையா இருந்தா டிம்ப்னா இந்நேரம் குடுத்திருப்பா" என்கிறான். மூன்றாவது வாரம் துடைப்பத்தை எடுத்தேன், எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

வம்பே அங்கேதான் வந்தது. மற்றவர்களுக்கு ஏசுவதற்கு வீட்டில் பெண்டாட்டி உண்டு, சதுப்புநிலப் பாதையில் ஒண்டியாக இருக்கிற பேட்ஸி கிலூலிக்கு யார் இருக்கிறார்கள். கடையில் மூன்றாவது கிளாஸோடு "போதும் பேட்ஸி, எந்திரி" என்று டிம்ப்னா சொல்லிவிடுவாள், விஸ்கி பாட்டில் அப்படிச் சொல்லுமா. அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு நாற்காலியிலேயே நினைவு தப்பிவிட்டார், புகையைப் பார்த்துத் தபால்காரர் கதவை உடைத்ததால் ஆள் பிழைத்தார். போய்ப் பார்த்தேன். "ஏம்மா அசம்ப்டா, அங்க குடிச்சா நாலு பேரு பாத்தாங்க. இங்க செத்தாக்கூட எவன் பாக்கறான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் வீட்டுப் பாத்திரம் முழுக்கத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

இதற்குள் டிம்ப்னா கடையின் உரிமத்தை டப்ளினில் ஏதோ ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்கப் பேசிவிட்டாள். அது ஊரைவிட்டுப் போனால் போனதுதான். சில வீடுகள் சேர்ந்து பணம் போட்டு அதை வாங்கிக் கடையை நடத்தலாம் என்றார்கள், டிம்ப்னாவும் சரி என்றாள், ஆனால் உரிமம் கோர்ட்டில் கறைபடாத ஒருவர் பெயரில் இருக்கவேண்டுமாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸில் மாட்டாதவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இல்லை, உன் அப்பாவும் சேர்த்துத்தான். என்னிடம் வந்து நின்றார்கள். "கோயில் கணக்குல ஒரு சென்ட் பிசகவிட்டதில்ல நீங்க" என்று ஹ்யூகி குழைகிறான். நான் ஒரு சொட்டும் தொடாதவள் என்றேன். "அதுக்காகத்தான் அண்ணி. எங்க பேர்ல இருந்தா சரக்கு மிஞ்சுமா?" என்றான். ஃபாதராவது தடுப்பார் என்று நம்பிப் போனேன், எந்தக் கிழமை பாட்டு வைக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்கிறார்.

கோர்ட்டில் நீதிபதி என் சட்டையில் இருந்த மதுவிலக்குச் சின்னத்தையே பார்த்தார். "இது என்னன்னு தெரிஞ்சுதான் குத்தியிருக்கீங்களாம்மா?" என்றார். "சின்ன வயசுல கோயில்ல உறுதிபூசுதல் அன்னிக்கு, குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குத்தினது, கழட்டினதில்ல ஐயா" என்றேன். பீர் ஊற்றத் தெரியுமா என்றார். "தெரியாது, எப்ப நிறுத்தணும்னு தெரியும்" என்றேன். கொடுத்துவிட்டார்.

இப்போது வெள்ளியும் சனியும் கடை. கறுப்பு பீரைப் பாதி ஊற்றி, அடங்கவிட்டு, மீதியை ஊற்றவேண்டும், என்னால் ருசி பார்க்க முடியாது என்று உன் அப்பா பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் சந்தேகமாக இருக்கிறதாம், மறுபடி பார்க்கிறார். கால்பந்துப் பையன்கள் வருகிறார்கள், வந்து போதையில்லாத பீரும் காபியும் கேட்கிறார்கள். "கன்னியர் மடத்துக்குப் போற வழி தெரியலையாடா?" என்று ஹ்யூகி சீண்டுகிறான். "காலைல ஓடணும் பெரிசு, உங்களால எழுந்திரிக்கவே முடியாது" என்கிறார்கள் அவர்கள். மூன்றாவது கிளாஸில் "போதும் பேட்ஸி" என்று நான் சொன்னால், டிம்ப்னா இதையே சிரித்துக்கொண்டு சொல்வாள் என்று குறைப்படுகிறார், ஆனாலும் எழுந்துவிடுகிறார். பிறகு எல்லாரையும் காரில் ஏற்றி வீடுவீடாக இறக்குவதும் நான்தான், போகிற வழியில் ஜெபமாலையில் ஆளுக்குப் பத்து மணி உருட்டிச் சொல்லவேண்டும் என்பது என் சட்டம். பேட்ஸி அருள்நிறை மரியேவை ஓட்டமாக ஓட்டுகிறார், வீடு சீக்கிரம் வந்துவிடும் என்ற நினைப்பு.

நீயும் குடியை விட்டுவிட்டதாக அன்றைக்குச் சொன்னாய். இதற்காக நான் மெழுகுதிரி ஏற்றாத நாள் உண்டா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், ஆனால் நான் கடை திறந்த வாரம் பார்த்துத்தானா உனக்கு அந்த ஞானம் வரவேண்டும்? போகட்டும். என் காரில் நாலு பேர்தான் கொள்ளும், அவர்களை இறக்கிவிட்டு நான் திரும்பிவருவதற்குள் காத்திருக்கிறவர்களுக்கு உன் அப்பா தன் கையால் இன்னொரு கிளாஸ் ஊற்றிவிடுகிறார். குடிக்காமல் வண்டி ஓட்ட என்னைத் தவிர இந்தக் கூட்டத்தில் இன்னொரு ஆள் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வா. சிவப்பு லெமனேட் எடுத்துவைக்கிறேன், கடை அடைத்த பிறகு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து குடிக்கலாம், திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மாதாவின் முக்காட்டு நிழல் உன்மேல் இருக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் போ.

உன் அம்மா,
அசம்ப்டா