அகல லென்ஸின் ஓரம்

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. ரேஷனில் பருப்பு வரவில்லை.

பேத்தி தேவி பாண்டிச்சேரி சிநேகிதியிடம் காமிராவுக்கு இரண்டு லென்ஸ் வாங்கி வந்திருக்கிறாள். இருபத்திநாலு எம்.எம். ஒன்று, முப்பத்தைந்து ஒன்று. தெருவில் எடுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வாள், மற்றது திரும்பிப் போகும். இருபத்திநாலுதான் அகலம். ஆளுக்குக் கிட்டே போனால்தான் முகம் தெரியுமாம். வயசுப் பெண் தனியாகப் போய் நிற்பதா? நானும் போனேன். என் பேத்தி என்றதும் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது படித்தவளின் பேத்தி காமிராக்காரி. பெருமைதான், ஏன் மறைக்கணும்.

பூ விற்கிற வசந்தா மட்டும் முகத்தைத் திருப்பினாள். புருஷன் செத்து ஆறு மாதம்.

"என்னப் புடிக்க வேணாம் பெரிம்மா."

"உன்ன யாருடி புடிக்கிறா? அது பஸ்ஸப் பாக்குது. நீ அதுல இல்ல."

செவ்வாய்

மூட்டம். முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

தேவி நேற்றைய படம் ஒன்றை ஊரே பார்க்கும்படி போனில் போட்டாள். திண்டிவனம் பஸ், ஏறுகிற கூட்டம், சக்கரத்தடியில் நாய். நல்ல படம். இடது ஓரத்தில் பூக்கார வ. கட்டின சரத்தைத் தலையில் வைத்து, நின்ற வண்டியின் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள். தேவி கவனிக்கவில்லை. நானும்தான். தெரு கவனித்தது.

குழாயடியில்: "வருஷம் திரும்பல, அதுக்குள்ள சீமாட்டிக்குப் பூ கேக்குது."

"வித்தது போக மிச்சம் போல."

சிரிப்பு.

அகல லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களையும் வாரிக்கொள்ளுமாம். தேவி இப்போது சொல்கிறாள். போனில் போட்ட படத்தை நீக்கிவிட்டாள். அதற்குள் எத்தனை போனில் போனதோ.

வியாழன்

பூக்கடை இடத்தில் வெறும் ஸ்டூல். நேற்றும் அப்படித்தானாம். வ. வீட்டுக்குப் போனேன். மாமியார்க்காரி உட்காரச் சொல்லவில்லை.

"இன்னும் இன்னா புடிக்கணும்? உள்ள வந்து புடி."

திரும்பும்போது சந்தில் வ., குப்பைக்கூடையோடு. திட்டுவாள் என்று நின்றேன்.

"ஊரே பாத்துச்சு பெரிம்மா. நான் மட்டும்தான் பாக்கல. எப்டி இருந்தேன்?"

"நல்லாருந்தடி."

"ஒரு தபா காட்டச் சொல்றியா?"

நாளைக்கே காட்டச் சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் தேவி முப்பத்தைந்தை மாட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றதைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டாளாம்.

"அதுல எடுத்தது ஒண்ணு வுடாம அழிச்சிட்டேன் ஆயா. இப்ப நிம்மதிதான உனக்கு?"

ம் என்றேன்.