இடது பக்கம் எட்டு

மார்ச் 3

பெல் அண்ணன் நான் பழுது பார்க்க நான்கு பின்சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினார். தன் சைக்கிள் கடையில் இருக்கும் எல்லா மணியையும் ஒருமுறை அடித்துப் பார்க்காமல் கல்லாவில் உட்காரமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். நான்குமே பழைய பிஎம்எக்ஸ், அதாவது சிறுவர் பந்தய வண்டிகளுடையவை. "அவசரமே இல்லம்மா, வெள்ளிக்கிழம குடுத்தா போதும்" என்றார். இன்று புதன்.

மார்ச் 4

மூன்று முடிந்தது. முதுகு என்னுடையதுதானா என்று சந்தேகம்.

மார்ச் 5

நான்காவது சக்கரம்.

அச்சைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். பிரித்தேன். அச்சில் திருகியிருக்கும் இடது கோன் தேய்ந்து குழி விழுந்திருந்தது. வழக்கம்போல பால்ஸை, அந்த எஃகுக் குண்டுகளை, தட்டில் கொட்டி எண்ணினேன். வலது பக்கம் ஒன்பது. இடது பக்கம் எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டுதான். பால்ஸ் உட்காரும் கிண்ணத்தில் கிரீஸுக்குப் பதிலாக ஏதோ வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

அம்மாவின் முகக் கிரீம்.

அதை அலமாரியிலிருந்து திருடிக் கொடுத்தவள் நான். தன் சைக்கிளுக்குப் பூசியவன் தம்பி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பத்து. ஒரு பால்ஸ் காணாமல் போய், குளியலறைச் சாக்கடையில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி விட்டு ஒரு பகல் முழுவதும் தேடினான். கிடைக்காமல் எட்டோடு மூடினான்.

இந்த மாதிரி சக்கரங்கள் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு என் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் திறக்கும்போது எண்ணுவேன். தொழிலுக்காக எண்ணுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய்.

விற்றுவிட்டானா? யாருக்கு?

மார்ச் 6

பெல் அண்ணனிடம் மூன்றை மட்டும் கொடுத்தேன். நான்காவது யாருடையது என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"ஒரு சார் வந்தாரு. ரெண்டு மாசம் முன்னாடிதான் இங்க மாத்தலாகி வந்தாராம். பொண்ணு ஓட்டுது போல, பதினோரு வயசாம். வேல யாரு பாப்பாங்கன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம், அவங்ககிட்டயே குடுங்கன்னாரு."

பதினொரு வயது. அப்படியானால் தம்பி மகளேதான், அப்பா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கடைசியாக என் தோளில் தூங்கி, சட்டையெல்லாம் எச்சில் ஆக்கினாள்.

ஏன்டா, இந்த ஊருக்கே வந்துட்டியா? ரெண்டு மாசமா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

சொல்லக் கூடாதா என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? "அவன்கிட்ட சொல்லாத, வேலைய விட்டுட்டு ஓடி வருவான்" என்றார் அப்பா, நோய் முற்றியபோது. நானும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "எத்தன நாளா தெரியும் உனக்கு?" நாற்பது நாள் என்றேன். அதன் பிறகு ஒன்பது வருடமாக என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 8

அவனைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் அழகாக எழுதத் தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

மார்ச் 9

புதுக் கோன் போட்டாயிற்று. கிண்ணம் பிழைத்துவிட்டது. அச்சு நேராகவே இருக்கிறது.

பொத்தான் டப்பாவைத் திறந்தேன். அடியில் இருக்கிறது அந்த ஒன்பதாவது பால்ஸ், காகிதத்தில் சுற்றி. சாக்கடையில் எதுவும் போகவில்லை. நான்தான் எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்குப் போகாமல் என்னோடு வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன். போய்விட்டான். அன்று மாலை கொடுத்திருக்கலாம். மறுநாள் கொடுத்திருக்கலாம். நாள் போகப் போக எடுத்த குற்றத்தைவிட மறைத்த குற்றம் பெரிதாகிவிட்டது.

பழையதைப் புதியவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. அளவில் மயிரிழை மாறினாலும் பாரம் முழுவதும் ஒன்றிலேயே இறங்கும். அதிலும் ஓட்டப் போவது குழந்தை. இரண்டு பக்கமும் புதிதாக ஒன்பது ஒன்பது போட்டு, கிரீஸ் வைத்து மூடினேன். சுற்றிவிட்டால் நிற்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 10

பழைய பால்ஸைத் துண்டுச் சீட்டில் மடித்துச் சக்கரக் கம்பியில் கட்டினேன். நான்கு முறை எழுதிக் கிழித்த பிறகு சீட்டில் நின்றது இவ்வளவுதான்:

"சாக்கடையில் போகவில்லை. நான் எடுத்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. — அக்கா"

பெல் அண்ணன் கண்ணை இடுக்கினார். "என்னம்மா, சக்கரத்துக்குத் தாயத்தா?"

"ஆமா. கழட்டாம குடுங்க."

மார்ச் 11

ஒன்றுமில்லை.

மார்ச் 14

சக்கரத்தை அன்றைக்கே வாங்கிப் போய்விட்டானாம். ஒன்றும் சொல்லவில்லையாம். நான் சும்மா இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தபோது ஒரு குற்றம், சொன்னதும் இரண்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மார்ச் 17

பெல் அண்ணன் ஒரு முன்சக்கரத்தோடு வந்தார். "அதே சார்தான். இதையும் பாக்கணுமாம்."

சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு குறையும் இல்லாத சக்கரத்தை எதற்கு அனுப்பினான்? அச்சைப் பூட்டும் லாக்நட்டில் மட்டும் புதிதாக ஸ்பேனர் கீறல். யாரோ சமீபத்தில் பிரித்திருக்கிறார்கள். பிரித்துக் கொட்டினேன். முன்சக்கரத்துக்குச் சின்ன பால்ஸ், பக்கத்துக்குப் பத்து.

வலது பக்கம் பத்து. இடது பக்கம் ஒன்பது.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன், மூக்கு ஒழுக ஒழுக. பெல் அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்: "மீதிய ஞாயித்துக்கிழம பொண்ணோட நேர்ல வந்து தர்றேன்னு சொல்லச் சொன்னாரு. என்னா மீதின்னு கேட்டா, அவங்களுக்குத் தெரியும்ங்கிறாரு."

பெல் அண்ணன் கடையில் அந்த அளவு பால்ஸ் டப்பா டப்பாவாக இருக்கிறது. தொடவில்லை. சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பைத் திறந்தபடியே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.