விமானப்படைக்குப் புறப்படும் காலையில் உம்மாவுக்கு

உம்மா,

அன்று வவுனியாவில் என் அண்ணன், றிழ்வான் நானா, உங்களுக்குப் பனங்கட்டி வாங்கினார். அடுத்த நிமிஷம் குண்டு வெடித்தது. அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோகும்போது என் விரல் அவர் கழுத்து நாடியில்தான் இருந்தது. பாதி வழியில், மதவாச்சியில், நாடி நின்றது.

"பன்னிரண்டு வருஷம் ஐசியுவில நேர்ஸ். என்ட மகனக் காப்பாத்தல்ல. இப்ப ஆமிக்காரனக் காப்பாத்தப் போறியா?" என்று கேட்டீர்கள்.

ஆம் உம்மா. காயப்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவரும்போது பக்கத்தில் இருக்கும் நேர்ஸ் வேலை இது. நானாவைக் கொண்டுபோன அந்த வழி விமானத்தில் பதினைந்து நிமிஷம்.

உங்கள் அறைக் கதவைத் தட்டினேன், நீங்கள் திறக்கவில்லை. சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். வீட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்கா, மஸீஹா தாத்தாவிடம்.

பரீனா

மறந்துவிட்டேன்: நேற்று என்னோடு பேசாவிட்டாலும் பிரஷர் பார்க்கக் கையை நீட்டினீர்கள். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. போன வாரமும் அதேதான்.