மூன்று பேர் ஆடிய ராஜா கதை

1979 பிப். 18, ஞாயிறு

காலையிலிருந்தே பனிமூட்டம். மண்டபக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். தானா ராத்தா டவுனில் வாங்க வேண்டியது: அரிதாரம், ஆணி, இருமல் மருந்து (எனக்கு).

திருவிழாவுக்கு நாடகம் வேண்டுமாம். போரில் ராஜா மாண்டு ராணி தனித்துப்போகும் அதே பழைய கதை. முன்பு பதினெட்டுப் பேர் ஆடியது. எழுபதில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கிடைக்காமல், பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். மூன்று பேரே போதும் என்று வாய்விட்டுவிட்டேன். ராஜாவுக்கு ஆள் கிடையாது. காலி நாற்காலி, அதில் ஒரு தலைப்பாகை. லாரி மணியம்: மந்திரி, எதிரி, படை எல்லாம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் நான் தூதன். ராணி, தேயிலைக் கொழுந்தெடுக்கும் அஞ்சலை.

மணியம் சொன்னது: "ராஜா இல்லாம ராஜா கதையா, கிராணி? சனங்க எந்திரிச்சிப் போயிருவாங்க லா."

பிப். 21, புதன்

கூடையை இறக்கிவைத்து அஞ்சலை நேரே ஒத்திகைக்கு. அந்தக் காலத்து ராஜா அவள் புருஷன் முத்தையாதான். பஞ்சுத் தாடி, காதுவரை மீசை. அவன் மேடையேறி அதட்டினால் கீழ் லயத்து வீடுகளின் நாய்கள் குரைக்கும். வசனம் மறந்தால் தாடியைச் சொறிவான், அதற்கும் கைதட்டல். என்ன ஆட்டம் அது! நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அவனுக்குப் பர்மிட் இல்லை. இவளிடம் குடியுரிமைக்கான நீல ஐ.சி., படுக்கையில் தாய். இவள் தங்கிவிட்டாள். ஆறு வருடமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை.

போக வேண்டியவர்கள் பட்டியலைத் தோட்டத் துரை சொல்லச் சொல்ல டைப் அடித்தது நான். முத்தையா நாலாவது பெயர். இதை அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லாமல் எப்படி எதிரே நின்று நடிப்பது?

மார்ச் 1, வியாழன்

தகராறு. கடைசிக் காட்சியில் தூதன் "ராஜா மாண்டார்" என்பான், ராணி பொட்டை அழிப்பாள். முன்பு கோவிந்தன் சேலை கட்டிக்கொண்டு அழிப்பான், யாருக்கும் கவலையில்லை. பெண் நடிப்பது இதுவே முதல் தடவை. கொழுந்துக்காரப் பெண்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்.

"புருசன் இருக்காரா இல்லையானே தெரியாம பொட்டை அழிக்கிறதா? அபசகுனம், கிராணி."

எனக்கோ 'ராஜா மாண்டார்' வசனமே வருவதில்லை. ஒத்திகையில் இருமியே தப்பிக்கிறேன்.

மார்ச் 4, ஞாயிறு

மூன்று மணிக்கு ஆரம்பம். மண்டபம் நிறைய ஆள். மணியம் தனக்குத்தானே வாள் சண்டை போட்டு விழுந்தான், பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நாற்காலியைப் பார்த்து யாரோ, "முத்தையாண்ணன் இருந்தா..." என்றார்கள்.

கடைசிக் காட்சி. போய் நின்றேன். வசனத்துக்குப் பதில் இருமினேன். அஞ்சலை என்னையே பார்த்தாள். பிறகு, நாடகத்தில் இல்லாத வசனம்:

"லிஸ்ட்டுல அவரு பேரு இருக்கா?"

"இருக்கு" என்றேன். "நான்தான் டைப் அடிச்சேன்."

திரைக்குப் பின்னால் மணியம் வசனத் தாளைப் புரட்டும் சத்தம்.

"பேரு இருந்தாப் போதுமா? செத்துட்டாருனு யாரும் சொல்லலியே."

தலைப்பாகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொட்டு அப்படியே. ஒரு ஆளும் எழுந்து போகவில்லை. நான் மேடையிலேயே அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, திங்கள்

மழை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போனபின் அஞ்சலை ஆபீஸ் வாசலில்.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

"நீங்க அடிச்சதுனு அன்னைக்கே தெரியும் லா. தோட்டத்துல இருக்கிறது ஒரே மிசினு. நீங்களா எப்ப சொல்வீங்கனு பாத்தேன்."

அவன் ஊருக்கு ஒரு கடிதம் போட வேண்டுமாம். மிசின் வேண்டாம், கையால் எழுதச் சொன்னாள். 'அன்புள்ள முத்தையாவுக்கு' என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன என்றேன்.

"மொதல்ல நீங்க செஞ்சத எழுதுங்க. எஞ்சேதி பொறவு."