யூனுஸிடம் நான் சொன்ன வார்த்தை

அன்பு மகள் ஹானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஜெனீவாக் குளிரில் நீயும் நல்லபடியாக இருக்க துவா செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, தொழுகைக்கு நாற்காலி போட்டுவிட்டோம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடைக்கு எதிரே காய்கறிக் கடையில் மூட்டை இறக்கும் யூனுஸ் உனக்கு நினைவிருக்கும், மியான்மரிலிருந்து குடும்பத்தோடு ஓடி வந்தவன். போன வருஷம் அவனிடம், அகதிகளை வேறு நாட்டுக்கு அனுப்பும் ஆபீசில்தான் என் மகள் இருக்கிறாள், சொல்லி வைக்கிறேன் என்று பெருமையடித்துவிட்டேன். உன்னைக் கேட்டதற்கு, தெரிந்தவர் என்று ஒருவரை முன்னால் இழுத்தால் யாருமில்லாத ஒருவர் பின்னால் போவார் அத்தா, முடியாது என்றாய். நியாயம்தான். அதை அவனிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் மனைவி ரஷீதா உனக்காக துவா செய்து ஒரு டப்பா அரிசி ரொட்டி கொடுத்தனுப்புவாள், நாங்களும் வாங்கித் தின்றோம். ரமலானுக்கு முன்னால் பினாங்கிலிருந்து அவன் மச்சான் வேலையும் தங்க இடமும் இருக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறான். என்னை மாமா முறை வைத்து பாக்சிக் என்று கூப்பிடுபவன், பாக்சிக் மகள் கூப்பிடும்போது இங்கே இருக்க வேண்டும் என்று போகவில்லை. பிறகு இங்கிருந்து அதிகம் பேரை எடுத்துக்கொண்டிருந்த நாட்டுக்காரர்களே அகதிகளை எடுப்பதை நிறுத்திவிட்டதாக நீ சொன்னாய், அப்போதும் நான் மூச்சு விடவில்லை. போன மாதம் பாசாரில் இமிகிரேஷன் சோதனை வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிடித்தவர்களை அடைத்து வைக்கும் டிப்போவுக்கு இரண்டு முறை போனேன், பார்க்க விடவில்லை.

ரஷீதா கடைக்கு வந்தாள். புருஷனைப் பற்றிக் கேட்பாள் என்று கூனிப்போய் நின்றேன். வெளிநாட்டு ஆபீஸ்களில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். “உங்க மகளுக்கு வேலை போகலையே, பாக்சிக்?” என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை தாயே. யாருக்கு எந்த நாடு என்று எங்கோ உட்கார்ந்து முடிவெடுப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதவை மூடியது நீ இல்லை, அவனை இங்கே கட்டிப்போட்டது நான். உன்னிடம் யார் கெஞ்சினாலும், முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு, பஜ்ருக்கு எழுந்ததும் அம்மாவுக்கு ஒரு செய்தி போடு. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும்.

இன்று ஜும்மா முடிந்து வந்தேன். கடை வாசலில் அதே டப்பா, சூடாக இருந்தது. நாங்கள் இன்னும் திறக்கவில்லை.

உன் அத்தா
ஜமாலுதீன்
மஸ்ஜித் தானா