பதினோராம் மாடி யன்னல்

1996 மாசி 10, சனி

கடுங்குளிர், காற்று. வெளியே பார்க்கவில்லை. ரேடியோவில் சொன்னது.

இது இவருடைய டயறி. தமிழ்க் கடையில் வருசம் பிறக்கச் சும்மா கொடுத்தது. ஐந்தாம் திகதி வரை என் மனிசனின் கையெழுத்து. "சினோ கொட்டுது. பஸ் பிந்தி." "லிஃப்ற் இரண்டு வேலை இல்லை." இவ்வளவுதான் எழுதுவார். கடைசியில் "பால் முடிந்தது." அதை எழுதிவிட்டுப் பால் வாங்கப் போனவர், வெலஸ்லி றோட்டும் பார்லிமென்ற் றோட்டும் சந்திக்கிற இடத்தில் விழுந்தார். இருதயம் என்றார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு. பிழை வரும். பார்க்க ஆள் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை.

திங்கள் இவருக்கு எட்டாம் நாள் படையல். வாங்க: நண்டு, கருவாடு, கத்தரிக்காய், வாழையிலை (இல்லாவிட்டால் பேப்பர் பிளேற்).

ஒருவருக்கும் சொல்லாததை இதில் எழுதுகிறேன். அன்று காலை பத்து மணியளவில் யன்னலடியில் நின்றேன். பதினோராம் மாடியில் இருந்து பார்க்க அந்தச் சந்தி உள்ளங்கை அளவு. லைற் கம்பத்துக்குக் கீழே ஒரு ஆள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் குந்தியிருந்தான். சனம் விலத்தி விலத்திப் போனது. உது குடிகாரன் என்று நினைத்தேன். யன்னல் சீலையை இழுத்து மூடினேன். அடுப்பில் பருப்பு.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பொலிஸ் வந்து கதவைத் தட்டியது.

இங்கே வந்த முதல் மாதம் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்புலன்சைக் கண்டால் கும்பிடுவேன். பிறகு விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று நாலு வரும். எல்லாவற்றுக்கும் நெஞ்சு பதறினால் இந்த இடத்தில் சீவிக்க ஏலாது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் பார்க்கும்போது அவருக்கு உயிர் இருந்ததா?

12, திங்கள்

எட்டு. வெயில், ஆனால் குளிர்.

அண்ணையும் மச்சாளும் பிக்கரிங்கில் இருந்து விடியவே வந்துவிட்டார்கள். புகை மணி அடிக்காமல் அண்ணை அதற்குக் கடைப் பை கட்டினார். போன மாதம் கீழ் மாடியில் யாரோ சாம்பிராணி போட்டு, முழுக் கட்டடமும் சினோவில் போய் நின்றது.

கருவாடு பொரிக்க, எதிர்க் கதவுப் பிலிப்பைன்ஸ் நேர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பார்ட்டி?" என்றாள். மச்சாள் தலையை ஆட்டிவிட்டா. பிறகு அந்தப் பிள்ளை ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து தந்து சிரித்துவிட்டுப் போனாள். அதையும் படைத்தோம். இவருக்குச் சீனி வருத்தம். உயிரோடு இருக்க நான் கொடுத்திருக்க மாட்டேன்.

பின்னேரம் படைத்ததில் எல்லாம் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டியாயிற்று. சந்தியில் வைக்க வேண்டும்.

அண்ணை: "இஞ்சை எது சந்தி?"

மச்சாள்: "உந்த லைற் இருக்கிற இடம்தான். வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வாங்கோ."

"பொலிஸ்காரன் குப்பை போட்டனெண்டு ரிக்கற் தந்தால்?"

"அத்தானுக்கு எண்டு சொல்லுங்கோ. விடுவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என்னைக் கண்டு நிறுத்தினார்கள். சிரித்தால் என்ன. அவரும் சிரித்திருப்பார்.

வீட்டில் இருக்கிறவர்களும் பார்க்கக் கூடாது என்றா மச்சாள். அவ குசினிக்குப் போகவிட்டுச் சீலையை விலக்கினேன். அண்ணை கம்பத்தடியில் வைத்துவிட்டு விறுவிறென்று நடந்தார். சிவப்புத் தொப்பிக்காரன் வந்தான். பொட்டலத்தை மணந்து பார்த்தான். கையுறையைக் கழற்றி, அந்தக் குளிரில் குந்தியிருந்து நண்டைக் கடித்தான்.

அவன்தான். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவன்.

அண்ணை போகும்போது சொன்னது: "ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன். எங்கடை பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. இந்த இடம் உனக்குச் சரிவராது. எந்த நேரமும் சைரன். முப்பத்தொண்டாம் நாளை அங்கை வைப்பம்."

ஓம் என்றேன்.

13, செவ்வாய்

உடுப்புத் தோய்க்கிற அறையில் ரீற்றா. மன்னார்ப் பிள்ளை, ஆறாம் மாடி, ஒஃபிஸ் கிளீனிங். இவருடைய இரண்டு சேர்ட்டையும் அவள் கண்டாள். தன் காசைப் போட்டு மெஷினைத் தொடக்கிவிட்டாள்.

அவளிடம் கேட்டேன். "எனக்கு ஒராளோடை இங்கிலீசிலை கதைக்க வேணும். வாறியே?"

"ஆரோடை?"

"சிவப்புத் தொப்பி. போத்தல் பொறுக்கிற ஆள்."

"அக்கா, நீங்கள் முப்பத்தொண்டாம் நாள் மட்டும் வெளிக்கிடக் கூடாதெல்லே? உங்கடை அண்ணை என்னைக் கொல்லுவார்."

"செத்த வீட்டுத் துடக்கு எனக்குத்தானே. உனக்கில்லையே."

"நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உது இல்லை. ஆனால் அண்ணைமாருக்கு நாங்களும் பயம்தான்." பிறகு, "வியாழக்கிழமை எனக்கு லீவு" என்றாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

14

ஒன்றும் இல்லை. லிஃப்ற் ஒன்றுதான். புறா பல்கனியில் முட்டை இட்டிருக்கிறது, இந்தக் குளிரில்.

15, வியாழன்

சினோ.

கோப்பிக் கடை வாசலில் இருந்தான். கிட்டப் பார்க்க எங்கள் வயது. பல் இரண்டு இல்லை. ரீற்றா என்னைக் காட்டிச் சொன்னவுடன் தொப்பியைக் கழற்றினான். நண்டு தந்தது நாங்கள் என்று அறிந்து நாக்கை நீட்டி விசிறிக் காட்டினான். உறைப்பாம். சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் தரம்.

பிறகு கேட்கச் சொன்னேன்.

அவன் நெடுகக் கதைத்தான். ரீற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ருவென்ரி" என்றான். இரண்டு தரம். வேலையில் துவாய்களை இருபது இருபதாகக் கட்டுகிறவள் நான். ருவென்ரி விளங்கும். மினிற்ஸ் விளங்கும். போகிற சனத்தைக் காட்டிக் கையை விரித்தான். பிறகு எங்கள் கட்டடத்துக்கு விரலை நீட்டி, மேலே மேலே ஏற்றி, ஒரு இடத்தில் நிறுத்தினான். தன் நெஞ்சில் கையை வைத்துச் சரிந்து காட்டினான். திரும்பவும் அதே இடத்துக்கு விரல்.

ரீற்றா சொன்னாள்: "கெதியா, உடனேயே போயிட்டாராம் அக்கா. ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம்."

"ஓம்" என்றேன். "சந்தோசம் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். அவன் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தான்.

லிஃப்ற்றில் ரீற்றா என் கையை விடவில்லை. ஆறாம் மாடியில் இறங்காமல் பதினொன்று வரை வந்தாள். பாவம், எனக்காகப் பொய் சொன்ன பிள்ளை.

இருபது நிமிசம் அவர் சீலையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நீலச் சீலை. அவர் வாங்கினது. கீழே இருந்து எங்கள் யன்னலை அடையாளம் பிடிக்கச் சுகம் என்று வாங்கினது.

16, வெள்ளி

சமைக்கவில்லை.

18, ஞாயிறு

பிக்கரிங்கில் இருந்து எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. அண்ணை காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நின்றார். நான் கடைசியாக யன்னலடிக்குப் போனேன். கம்பத்தடியில் ஒரு ஆள் கிடந்தது. சப்பாத்துக் கொழுவிக்கொண்டு ஓடினேன். லிஃப்ற் வரவில்லை, படியால் இறங்கினேன். அது வேறொரு ஆள். பெடியன் மாதிரி. குடி மணந்தது. கண் திறந்திருந்தது. பக்கத்தில் குந்தினேன். அவன் பேசினான், நல்ல பேச்சாக இருக்காது. கோப்பிக் கடைப் பெட்டை கண்ணாடிக்குள்ளால் பார்க்க, போன் பண்ணச் சொல்லிக் கையால் காட்டினேன். பண்ணினாள்.

அண்ணை தேடி வந்தார். "என்ன செய்யிறாய் சினோவுக்கை? எழும்பு. உது குடிகாரன்."

"ஓம் அண்ணை."

"பிறகென்ன?"

எழும்பவில்லை. அண்ணை கொஞ்சம் ஏசினார். பிறகு என் தலையில் விழுந்த சினோவைத் தட்டிவிட்டு, அவரும் பக்கத்தில் நின்றார். அம்புலன்ஸ் ஒன்பது நிமிசத்தில் வந்தது. அண்ணையின் மணிக்கூட்டில் பார்த்தேன்.

ஒன்பது.

இங்கே சத்தமே இல்லை. பேஸ்மென்ற் யன்னல் நிலத்தோடு. மச்சாள் அதற்குப் புதுச் சீலை தைத்துப் போட்டிருக்கிறா, பூப் போட்டது. அவ மேலே போனவுடன் கழற்றி மடித்து வைத்தேன்.

கண்ணாடி முட்டச் சினோ. வேறு ஒன்றும் தெரியவில்லை.