ஆஸ்லின் புருஷன்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது டீக்கடையில் ஒருத்தர் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் தெரியும், பேர் தெரியாது. "தம்பி, நீங்க ஆஸ்லின் புருஷன்தானே? நேத்து ராம்நாட்டுல ரெண்டு கோல் போட்டுச்சாமே ஒங்க வீட்டுல!"

இதே கடையில் ஒரு காலத்தில் என்னிடம் டீக்குக் காசு வாங்கமாட்டார்கள். மாவட்டக் கால்பந்து அணியின் வலது விங், டேவிட்ராஜ். முழங்கால் போகிற வரைக்கும்.

"ஆமாண்ணே" என்றேன். சிரிக்கவும் செய்தேன். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

12 பிப்ரவரி

தப்பு என்னுடையதுதான். கிறிஸ்துமஸ் கழிந்து கீழக்கரையிலிருந்து நுஃமான் என்கிற பையன் வந்து, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிக்கிறேன் என்றான். கத்தாரில் ஏதோ அகாடமியில் வேலை பார்த்தவனாம். தினமும் பைக்கில் பாம்பன் பாலம் தாண்டி வருகிறான். இறால் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள், காலேஜ் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. 'கடலரசி மகளிர் கால்பந்துக் கழகம்'. பேர் மட்டும் பெரிசு.

ஆஸ்லின், "நானும் போய்ப் பாக்கட்டுமா?" என்றாள். ஒரு வாரத்தில் கால் வலிக்கிறது என்று வந்துவிடுவாள் என நினைத்து, போ என்றேன்.

அவள் ஊரான மூக்கையூரில் படிக்கிற காலத்திலேயே ஆடியிருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம். "சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே. ஒங்க மேட்சுக் கதையே ஓடிக்கிட்டு இருந்துச்சு."

23 பிப்ரவரி

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நுஃமான் சார். நுஃமான் சார் அப்படிச் சொன்னாரு, இப்படிச் சொன்னாரு. பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பிப் பார்க்கணுமாம். ஏன், இதை நான் சொல்லியிருக்க மாட்டேனா? என்னைக் கேட்டாளா?

அவனைச் சந்தேகப்படவில்லை. ஊரில் நாலு பேர் அப்படி ஏதாவது பேசினால்கூட நான் சண்டைக்குப் போவேன். இது அது இல்லை. அதுவாக இருந்தால் வெளியே சொல்லவாவது முடியும்.

2 மார்ச், ஞாயிறு

இன்று போய்ப் பார்த்தேன். மகள் ஜெனி அடம்பிடித்தாள் என்று ஒரு சாக்கு.

ஊர் கிரவுண்டு. நான் ஓடிய கிரவுண்டு. மண்டபம் ஊரிலிருந்து வந்த டீமோடு பயிற்சி ஆட்டம். நடுக்களத்தில் ஆஸ்லின். மூன்று பேர் சுற்றி வந்தார்கள். நான் என்றால் வேகத்தில் வெட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். அவள் ஓடவில்லை. நின்றாள். பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் வரட்டும் என்று நின்றாள். அவர்கள் வந்ததும் அவர்களுக்கு நடுவில் இருந்த சின்னச் சந்தில் பந்தைத் தள்ளிவிட்டாள். அங்கே அவள் டீமின் பூமயில் தனியாக நின்றிருந்தாள். கோல்.

எனக்கு அந்த நிதானம் ஒருநாளும் இருந்ததில்லை.

கூட்டம் கத்தியது. ஜெனி "அம்மா, அம்மா" என்று குதித்தாள். எனக்குக் கைதட்டக் கை வரவில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தேன், அதனால் என்று வைத்துக்கொள்ளலாம்.

30 மார்ச்

லீக்கில் மூன்று ஆட்டம், மூன்றும் ஜெயம். பேப்பரில் போட்டோ வந்தது. அவள் அதை வெட்டி என் மெடல்கள் இருக்கிற ஷோகேஸில் வைத்தாள். கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். "வையி, அதுக்கென்ன" என்றேன்.

16 ஏப்ரல்

மீன்பிடித் தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. விசைப்படகு எல்லாம் கரையில். படகு போகாவிட்டால் ஐஸுக்கு என்ன வேலை? நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியும் மூடல். ரெண்டு மாசம் நான் வீட்டில், அவள் கிரவுண்டில்.

ஜெனிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல் வகிடு. தெருவில் ஒருத்தன், "என்ன மாப்ள, ஆயா வேலையா?" என்றான். ஏன்டா, எம்பிள்ளைக்கு நான் பின்னக்கூடாதா என்று கேட்டேன். ஆனாலும் சுருக்கென்றது.

26 ஏப்ரல், சனி

நாளை ஊர் விளையாட்டுக் கமிட்டி கூடுகிறது. தடைக்காலம் முழுக்க ஆம்பளைகளுக்கு டோர்னமெண்ட், காலையும் மாலையும் கிரவுண்டு வேண்டும் என்கிறார்கள். நானும் கமிட்டியில் ஒரு ஆள்.

ஆஸ்லின் சொன்னாள்: "சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கேளுங்க. பொட்டலா கெடக்குற அந்தத் தெக்கு மூலை போதும். ஒங்க பேச்சக் கேப்பாங்க."

கேட்பார்கள். அது உண்மை.

27 ஏப்ரல், ஞாயிறு

பேசவில்லை.

வேதநாயகம் மாமா, என் தாய்மாமன், கமிட்டித் தலைவர், நேராகவே கேட்டார். "ஏலே டேவிட்டு, ஒம் பொண்டாட்டி டீமுதானே? நீ சொல்லு. எடம் விடணும்னா விட்டுருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பேர் என் வாயைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

"கமிட்டி எப்படிச் சொல்லுதோ அப்படித்தான் மாமா" என்றேன்.

ரெண்டு நிமிஷத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் வந்து, "ஒத்துக்கல" என்றேன். பொய் இல்லை. பொய் இல்லையா? அவள், "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

8 மே

கரையில் ஏற்றிப்போட்ட வள்ளங்களுக்கு நடுவில் பயிற்சி. கணுக்கால் வரை மணல். பந்து உருளாது. இறால் கம்பெனிப் பிள்ளைகள் ரெண்டு பேர் வருவதில்லை.

18 மே, ஞாயிறு

நாலுக்குப் பூஜ்யம். தோல்வி. பூமயிலுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மணலில் ஆடிப் பழகி, கட்டாந்தரையில் கால் நிற்கவில்லையாம்.

ஆஸ்லின் வந்ததும் குளித்துவிட்டுச் சமைத்தாள். ஒரு வார்த்தை நுஃமான் சார் இல்லை. எனக்குள் எங்கேயோ ஒரு குளிர்ச்சி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

10 ஜூன்

நுஃமான் வீட்டுக்கு வந்தான். கத்தாரிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை போகிறான். வாசலிலேயே நின்று பேசினான்.

"அண்ணே, டீமை நீங்க எடுத்துக்கங்க. இன்னும் மூணு மேட்ச் இருக்கு."

"எனக்கென்ன தெரியும்?"

"நீங்க இப்படிச் சொல்லலாமாண்ணே? நான் எட்டாவது படிக்கிறப்ப எங்க வாப்பா ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாதிக்கோட்டுல பந்தை வாங்கி, வலது ஓரமாவே ஓடி ஒரு கோல் போட்டீங்க. மறுவாரம் நான் பூட்ஸ் கேட்டு அழுதேன். அக்கா ஆட்டத்தைப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

அந்த கோலைப் பார்த்த ஒரு ஆள் இத்தனை நாளாக என் வாசல் வழியாகவே போய் வந்திருக்கிறான். நான் அவன் பைக் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவேன்.

"பாக்கலாம்" என்றேன்.

15 ஜூன், ஞாயிறு

தடை முடிந்தது. ஐஸ் கம்பெனி திறந்தாச்சு. வேலை இருக்கிறது, கிரவுண்டுக்குப் போக நேரமில்லை என்று ஆஸ்லினிடம் சொன்னேன். மாலையில் எனக்கு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

6 ஜூலை

பதினோரு பேர் சேரவில்லை. கடலரசி லீக்கிலிருந்து விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாசம் கிளப் இருந்தது. ஒரு பிள்ளை நர்ஸிங் படிக்க நாகர்கோவில், ரெண்டு பேர் திருப்பூர். ஆஸ்லின் ஜெர்ஸிகளைத் துவைத்து, மடித்து, பைக்குள் வைத்தாள்.

11 ஜூலை

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேதநாயகம் மாமா வீட்டு அத்தை மீன் வாங்குகிற இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கத்துவாள் என்று நினைத்தேன். சட்டியில் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஒங்கள்ட்ட கேட்டாகளா?"

"கேட்டாங்க."

"ஏன் பேசல?"

டீக்கடையில் அந்த ஆள் கையைப் பிடித்ததைச் சொல்வதா?

"பொறாமையா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி.

நான் தலையாட்டினேன்.

"எனக்கும்தான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல. நீங்க அந்த மெடலத் தொடைக்கிறதப் பாக்குறப்ப எல்லாம். ஆனா நான் ஒங்க காலத் தட்டி விடலையே."

மீன்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

24 ஆகஸ்ட்

அதே சமையல், அதே பேச்சு, நேரத்துக்குத் தூக்கம். எந்த சாரைப் பற்றியும் பேச்சில்லை. ஆஸ்லின் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. பிப்ரவரியில் நான் எதை வேண்டிக்கொண்டேனோ அது அப்படியே கிடைத்துவிட்டது. இருட்டறைக்குள் இருப்பது மாதிரி இருக்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். நானே எழுந்தேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்க சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டு வேண்டும் என்றேன். ஏப்ரலில் கேட்டபோது நான்தான் வாயை மூடிக்கொண்டேன், அது தப்பு என்றும் சொன்னேன்.

மாமா சிரித்துவிட்டார். "ஏலே, டீமே இல்லையே. யாருக்குடா கிரவுண்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருமனதாகக் கொடுத்துவிட்டார்கள். இல்லாத கிளப்புக்கு இடம் விடுவதில் யாருக்கு என்ன நட்டம்?

5 அக்டோபர், ஞாயிறு

ஒரு வாரமாக அந்த நேரத்தில் கிரவுண்டு காலி. நம்ம நேரம்தான், வா என்று இன்று கூப்பிட்டேன். அவள் பரணில் இருந்து பந்தை எடுத்தாள். காற்று இறங்கியிருந்தது. சைக்கிள் பம்பில் அடித்துக்கொண்டோம்.

ஜெனி ஓரத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். நான் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றேன். ஆஸ்லின் அடித்தாள். முதல் பந்து எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அடுத்ததற்கு வலது பக்கம் பாய்ந்தேன், அது இடது பக்கம் போனது. மூன்றாவதில் விரல் பட்டது, அவ்வளவுதான். பிறகு விழுந்து விழுந்து எழுந்தேன்.

என்னைவிட நன்றாக ஆடுகிறாள். என் முழங்கால் நன்றாக இருந்த காலத்திலும் நான் இப்படி ஆடியதில்லை. எழுதிவிட்டேன். இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

"முட்டி வலிக்குதா?" என்று அங்கிருந்து கத்தினாள்.

"வலிக்குது."

"நிறுத்திருவமா?"

"இன்னும் வெளிச்சம் இருக்கு. அடி."